கல்லாகிப்போன கிளட்ச்

ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னாசி ஐந்தரை மணி நேர மூச்சை வாங்கி வண்டியில் நிரப்பினான். செவ்வாய்க் கோளில் குமிழ்நகரை விட்டு வெளியே போகிற எல்லோரும் அப்படித்தான், மூச்சு பங்க்கில் வரிசையில் நின்று நிரப்பிக்கொண்டு போவார்கள். மற்றவர்களின் ஊர்திகள் மின்சாரத்தில் ஓடும்; கியரே கிடையாது. இன்னாசியுடையது பந்தயக் கார். காலால் கிளட்ச்சை மிதித்து, கையால் ஆறு கியரையும் மாற்றி ஓட்ட வேண்டும். அதன் எஞ்சின் எரியவும் உயிர்வளி தேவை. ஆளுக்கும் வண்டிக்கும் ஒரே தொட்டி. எஞ்சின் ஒரு நிமிடம் ஓடினால் மனிதனின் பத்து நிமிட மூச்சு போய்விடும்.

மனைவி ரெஜினாவுக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. நகரின் மூன்றாம் வாயிலில் சுரங்க லாரி ஓட்டுகிறவள் அவள். பள்ளத்தாக்கில் மூச்சுத் தீர்ந்து கிடந்தவர்களை ஏற்றிக்கொண்டு வந்து பழக்கம். அதனால் அவளிடம், "கொட்டகையில வண்டியத் துடைச்சிட்டு இருப்பேன்" என்று சொல்லிவிட்டு இன்னாசி பள்ளத்தாக்குச் சாலைக்குக் கிளம்பினான். இந்தப் பொய்யைப் பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் சொல்லி வருவதால் அது அவனுக்குப் பொய் மாதிரியே தோன்றுவதில்லை.

நகரிலிருந்து பத்து நிமிட ஓட்டத்தில், செங்குத்துப் பாறையின் நிழலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுச் சற்று நேரம் வேடிக்கை பார்த்தான். திரும்பிப் போகலாம் என்று எஞ்சினைக் கிளப்பிக் கிளட்ச்சை மிதித்தால் மிதி இறங்கவில்லை. இரண்டு கால்களையும் வைத்து அழுத்தினான். பாதிவரை போய்க் கல் மாதிரி நின்றது. முதல் கியரைப் போடப் பார்த்தான். பல்லோடு பல் உரசிக் கரகரவென்று கத்தியதே தவிர விழவில்லை. மூச்சளவி மூன்றேகால் மணி நேரம் மிச்சம் என்று காட்டியது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே எழுபது டிகிரி குளிர்.

துரித மீட்பகத்தை அழைத்தான். பழுதாய்வி எடுத்தது. அது ஓர் இயந்திரம்தான். குரல் மட்டும் நம்மூர் சர்வீஸ் சென்டர் பையனுடையது.

"வணக்கம் சார். மிதிக்கு அடியில கால்மிதி எதாவது சுருண்டு கிடக்கா?"

"இல்லப்பா."

"கிளட்ச் எண்ணெய் அளவு?"

"சரியா இருக்கு."

"எண்ணெயைக் கடைசியா எப்ப மாத்தினீங்க?"

இன்னாசி அதை மாற்றியதே இல்லை. வாங்கிய அன்று இருந்த எண்ணெய், பதினோரு வருடமாக நகரத்தின் ஈரத்தைக் குடித்துக் கருத்துப் போயிருந்தது. ஆனால் வண்டியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் என்று ஓர் இயந்திரம் நினைக்கலாமா?

"போன மாசம்தான் மாத்தினேன்."

"அப்ப எண்ணெய் உறைஞ்சிருக்க வாய்ப்பில்ல சார். உள்ள கிளட்ச்சை விலக்குற கவை இறுகியிருக்கு. கியர்பெட்டிய இறக்கித்தான் பாக்கணும். எஞ்சினை அணைச்சிடுங்க, மூச்சு மிச்சமாகும். மீட்பு வண்டி அனுப்பறோம்."

"எவ்வளவு நேரமாகும்?"

"பத்து நிமிஷம் சார்."

அப்பாடா என்று எஞ்சினை அணைத்தான். ரெஜினாவைக் கூப்பிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பத்து நிமிடக் காரியத்துக்காகப் பத்து நாள் வசவு வாங்குவானேன் என்று விட்டுவிட்டான்.

அரை மணி நேரம் போயிற்று. மறுபடி அழைத்தான்.

"கிளம்பிட்டோம் சார். வந்துட்டே இருக்கோம்."

ஒரு மணி நேரம் கழித்து, "பக்கத்துலதான் சார், அந்த வளைவுலதான்" என்றது. இன்னாசி வளைவைப் பார்த்தான். சிவப்புத் தூசிதான் இருந்தது. மனிதன் சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பான். இயந்திரம் எதற்குப் பொய் சொல்லப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான்.

மூச்சளவி நாற்பது நிமிடத்தைத் தொட்டபோது மறுபடி பழுதாய்வியை அழைத்தான். திரையின் ஓரத்தில் வேறோர் எண்ணும் குறைந்துகொண்டே வந்தது. தொலைபேசிகளுக்குக் குரல் சுமக்கும் அஞ்சல்கோள் இன்னும் நான்கு நிமிடத்தில் பாறைக்குப் பின்னால் மறையும். திரும்பி வர நான்கு மணி நேரமாகும். இன்னாசி அழுதுவிட்டான்.

"தம்பி, உண்மையச் சொல்லிடறேன். அந்த எண்ணெயை நான் மாத்தவே இல்ல. பதினோரு வருஷமாச்சு."



"முதல்லயே சொல்லியிருந்தா எஞ்சினை அணைக்கச் சொல்லியிருக்க மாட்டோமே சார். ஆறு நிமிஷம் ஓடவிட்டிருந்தா சூட்டுல எண்ணெய் இளகி மிதி இறங்கியிருக்கும். நீங்களே ஓட்டிட்டு வந்திருக்கலாம்."

"இப்ப ஓடவிடறேன்."

"இப்ப இருக்கிற மூச்சுல எஞ்சின் நாலு நிமிஷம்தான் ஓடும். அப்புறம் உங்களுக்கு ஒண்ணும் இருக்காது."

"பரவாயில்ல, உன் வண்டிதான் வளைவுல இருக்கே!"

"நானும் உண்மையச் சொல்லிடறேன் சார். வண்டி இன்னும் கிளம்பல. இருக்கிறது ஒண்ணுதான், அது வேற பக்கம் போயிருக்கு. இப்பத் திருப்பினாலும் ஒன்றரை மணி நேரம்."

"பத்து நிமிஷம்னு சொன்னியேடா!"

"ஆரம்பத்துல சரியான நேரத்தைத்தான் சொல்லிட்டு இருந்தோம். திட்டினாங்க. அப்புறம் மனுஷ மெக்கானிக்குகளோட பேச்சை எல்லாம் குடுத்து எங்களுக்குப் பயிற்சி குடுத்தாங்க. 'வந்துட்டே இருக்கோம்'னு சொன்னா எல்லாரும் அமைதியாயிடறாங்க சார். நீங்களும் ஆனீங்களே."

அது மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்த நேரத்தில் வேறோர் அழைப்பு குறுக்கே வந்தது. ரெஜினா.

போன உயிர் திரும்பி வந்தது இன்னாசிக்கு. மூன்றாம் வாயிலிலிருந்து அவளுடைய லாரி இங்கே வர இருபது நிமிடம்தான். நாற்பது நிமிட மூச்சு இருக்கிறது. திட்டட்டும், அடிக்கட்டும், வண்டியை உடைத்துக் காயலான் கடையில் போடட்டும். அவன் பாய்ந்து பொத்தானை அழுத்தினான்.

"எங்க இருக்கீங்க?"

பதினோரு வருடமாக அந்தக் கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லிப் பழகிய நாக்கு, மூளையைக் கேட்காமலே புரண்டது.

"வந்துட்டே இருக்கேன்மா. பக்கத்துலதான்."

"அப்பாடா! வாயில் பதிவுல உங்க வண்டி வெளிய போனதாக் காட்டுச்சு. பயந்துபோய் லாரிய ஸ்டார்ட் பண்ணிட்டேன். சரி, அணைச்சிடறேன். சீக்கிரம் வாங்க, சோறு ஆறுது."

"ரெஜினா, இல்ல! பொய்! நான்..."

லாரியின் மோட்டார் அடங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அதோடு இணைப்பு அறுந்தது; அஞ்சல்கோள் பாறைக்குப் பின்னால் போய்விட்டது.