நாற்பதுக்குக் கீழே

காலை ஆறரைக்குப் பூங்கோதை தாவரப் பூங்காவின் வரிசையில் நின்றாள். மாதத்தின் இரண்டாம் செவ்வாய் அவளுடைய முறை. தண்ணீர் வாரியத்தில் புகார் கேட்கும் அவளது இருக்கையில் அன்று வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். கோயம்புத்தூரில் எல்லோருக்கும் மாதம் ஒரு காலை இப்படி. கொந்தளிப்பு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. யாரும் குறை சொல்வதில்லை. உள்ளே காற்று குளிர்ந்திருக்கும். சுக்குக் காபி தருவார்கள். மரத்தடியில் ஒன்றும் செய்யாமல் உட்காரலாம்.

வரிசையில் நிற்கும்போது கைபேசியைப் பார்க்கக் கூடாது என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். பூங்கோதையும் பார்த்ததில்லை. அன்று அதை வாசலில் வாங்கி வைக்கும் பெட்டியில் போடப் போகும் நேரத்தில் திரை ஒளிர்ந்தது. மகள் இளவேணியின் பெயர். நான்கு மாதத்தில் முதல் முறை.

"வர்றதா இருந்தா வாம்மா. பதினொன்னே கால் வரைக்கும் ஸ்டேசன்ல இருப்பேன்."

படித்துவிட்டாள். கைபேசி பெட்டிக்குள் போனது. பின்னால் கதவு மூடியது. மனக் கொதிப்பை அளக்கும் தணிமானி மணிக்கட்டில் எண்பத்திரண்டு காட்டியது.

வந்த வழியே திரும்ப முடியாது. பூங்காவின் மறுகோடியில்தான் வெளிவாசல். எண் நாற்பதுக்குக் கீழே இறங்கியவருக்கு மட்டும் அது திறக்கும். இடையில் மூன்று வேலிக் கதவுகள். பனை வரிசையிலிருந்து ஆலமரத் திடல், அங்கிருந்து பெரணி வீடு, பிறகு தாமரைக் குளம். எண் இறங்க இறங்க ஒவ்வொன்றாகத் திறக்கும். ஏறினால் பணியாள் வந்து பின்னால் அழைத்துப் போவார். மற்ற மாதங்களில் பூங்கோதை எட்டு மணிக்கெல்லாம் வெளியே வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

பனை வரிசையின் பணியாள் மாதேசன் பவ்யமானவன். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மகள் தென்துருவக் குடியிருப்புக்குப் போகிறாள். ஒன்பது வருட ஒப்பந்தம், நடுவில் திரும்பி வர முடியாது. போகிறதென்றால் அப்படியே போய்விடு என்று இவள் ஒருநாள் சொல்லிவிட்டாள். அதுதான் கடைசியாகப் பேசியது.

மாதேசன் முழுவதும் கேட்டான். அவன் கண்கள்கூடக் கலங்கின.

"உங்களை இப்படியே ரோட்டுல விட்டா எனக்கு மனசு கேக்காதுங்கக்கா. கொஞ்சம் உக்காருங்க. பனையைப் பாருங்க."

பனையைப் பார்த்தாள். எட்டரைக்கு ஆலமரத் திடல். ஒன்பதேகாலுக்குப் பெரணி வீடு. அங்கே ஈரப் பாசியில் விரல் வைத்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். எண் ஐம்பத்தொன்றுக்கு வந்தது. பக்கத்தில் நேரத்தையும் பார்த்தாள். ஒன்பது ஐம்பது. எண் எழுபதானது. யாரோ மெதுவாகத் தோளைத் தொட்டார்கள். மறுபடியும் ஆலமரத் திடல்.

பெஞ்சின் மறுமுனையில் தடித்த பெண்மணி ஒருத்தி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பெயர் தையல்நாயகி, டிராம் நடத்துநர். அவளது தணிமானி முப்பத்துமூன்றில் நின்றது. எப்போது வேண்டுமானாலும் போகலாம், வெளியே போய் என்ன செய்வது என்று உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாள்.

"உங்க நம்பரு சித்திரை வெயிலாட்டம் ஏறுதுங்களே. என்ன நெனைச்சிட்டு இருக்கறீங்க?"

கடல், மழை, கைக்குழந்தையின் தூக்கம் என்றாள் பூங்கோதை.

"அதெல்லாம் கதைக்காகாதுங்க. நடக்கப்போற காரியத்தை நடந்து முடிஞ்சிருச்சுன்னு நெனைக்கோணும். ரயில் போயிருச்சு. போயி ஒரு வருசம் ஆச்சு. நீங்க ஊட்டுல ரசம் தாளிச்சிட்டு இருக்கறீங்க. அப்படியே நெனைப்பைக் கூட்டிட்டுப் போங்க. தானா எறங்கும்." இரண்டு கடலையை வாயில் போட்டுக்கொண்டாள். "எங்க ஊட்டுக்காரரை நான் அப்படித்தான் முடிச்சேன்."

"எப்பங்க தவறினாரு?"

"தவறலீங்க. ஊட்டுலதான் இருக்கறாரு."

பூங்கோதை கண்ணை மூடினாள். ரயில் போய்விட்டது. முதல் மாதம் மகளின் அறையைத் திறக்கவில்லை. பிறகு திறந்தாள். கட்டிலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அந்த இடத்தில் அரிசி மூட்டை வந்தது. மாதம் ஒரு கடிதம், பிறகு பொங்கலுக்கு ஒன்று. தலை நரைத்தது. மூட்டு வலி வந்தது. ஒன்பதாம் வருடம் மகள் வந்தாள். மெலிந்த, மரியாதையான பெண். இரண்டு நாள் இருந்தாள். காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்றாள். டம்ளரைத் தானே கழுவி வைத்தாள்.

வேலிக் கதவு திறந்தது. பெரணி வீட்டின் வழியாக நிற்காமல் நடந்தாள். தாமரைக் குளத்தில் எண் நாற்பத்துநான்கு. மகள் டம்ளரைக் கழுவுவதை இன்னொரு முறை பார்த்தாள். முப்பத்தெட்டு.

வெளிவாசல் சத்தமில்லாமல் விலகியது. மணி பத்து நாற்பது. அங்கிருந்த பெண் கைபேசியைக் கொடுத்து, ஒரு துளசி நாற்றும் கொடுத்தாள்.

எதிரே டிராம் நின்றது. ஸ்டேசனுக்குப் பத்து நிமிடம். நேரம் இருக்கிறது என்று பூங்கோதைக்குத் தெரிந்தது. அவளுக்கு முன்னால் இரண்டு பேர் ஏறினார்கள். படியில் கால் வைக்க வேண்டும், அவ்வளவுதான். காலையில் நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்ததைத் தேடிப் பார்த்தாள். அந்த இடத்தில் அரிசி மூட்டை இருந்தது.

டிராம் கிளம்பிப் போனது. அடுத்ததும் வந்து போனது. நிறுத்தத்து நிழலில் உட்கார்ந்து துளசியின் வேரில் மண் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

பதினொன்று ஐந்துக்குக் கைபேசி அடித்தது. பின்னணியில் ரயில்வே அறிவிப்புகள். மகளின் குரல் மூச்சு வாங்கியது.

"அம்மா, எங்கம்மா இருக்கற? வந்துட்டு இருக்கறயா? நான் ஸ்டேசன் வாசல்லயே நிக்கறேன்."

பூங்கோதைக்கு அந்தக் குரலைப் பிடித்திருந்தது. வாரியத்தில் புகார்காரர்களிடம் பேசும் அதே கனிவுடன், அவசரமில்லாமல் பேசினாள்.

"வா கண்ணு. போன எடத்துல எல்லாம் சவுரியமா இருந்துச்சா? குளுரு தாங்குனயா?"

மறுமுனையில் ரயில்வே அறிவிப்பு மட்டும் கேட்டது. தணிமானி இருபத்தொன்பது காட்டியது.