ஏழு நொடித் தாமதம்

காலை எட்டு நாற்பதுக்கு வெரோனிக்கா வீட்டிலேயே இருந்த கற்பித்தல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒலியை உறிஞ்சும் சுவர்கள் கொண்ட சின்ன அறை, ஜன்னல் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்ததும் எதிர்ச்சுவர் முழுக்க நாற்பது முகங்கள் விரிந்தன. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், அவரவர் வீட்டிலிருந்து.

“வணக்கம் பிள்ளைகளா” என்றாள். பிறகு மனத்துக்குள் ஏழு வரை எண்ணினாள். எண்ணி முடித்ததும் நாற்பது குரல்கள் பிசிறில்லாமல் வணக்கம் சொல்லின.

வெயில் காலம் ஒன்பது மாதமாக நீண்ட பிறகு, வெரோனிக்கா வேலைக்குச் சேர்வதற்கு முன்பே, பள்ளிக் கட்டடங்களைத் திறப்பதை விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து பாடம் இப்படித்தான். ஆசிரியரின் சொல் பிள்ளைகளைச் சேர ஏழு நொடி ஆகும், பிள்ளைகளின் சொல் திரும்பி வர இன்னொரு ஏழு நொடி என்று தொடக்கத்தில் சொன்னார்கள். பிறகு அதுவும் குறைந்து, மொத்தமே ஏழு ஆயிற்று. இடையில் செம்மையாக்கி என்றொரு நிரல் இருக்கிறது. அது இரைச்சலை நீக்கும், திக்கலைச் சீராக்கும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஆசிரியர்கள் அதைச் செல்லமாகச் செம்மி என்பார்கள். தூத்துக்குடியில் இருபத்தாறு ஆண்டாகக் கணக்குப் பாடம் நடத்தும் வெரோனிக்காவுக்கு அது இருப்பதே மறந்து போயிருந்தது.

அன்று பாடம் முடிந்ததும் ஆண்டறிக்கையைத் திறந்தாள். இணையக் கற்பித்தல் தரநெறியில் முப்பத்திரண்டு விதிகள். ஒவ்வொன்றையும் தான் எப்படிக் கடைப்பிடித்தோம் என்று ஆசிரியர் தாமே யோசித்து எழுத வேண்டும். நேரம் தவறாமை, தெளிவு, எல்லாப் பிள்ளைக்கும் சமகவனம் என்று கடகடவென எழுதிக்கொண்டே போனவள் ஒன்பதாவது கேள்வியில் நின்றாள்.

‘உங்கள் மாணவர்கள் உங்களை எந்த அளவுக்கு அறிவார்கள்? ஒரு சான்று தருக.’

அவளுக்கு ஒரு நாள்தான் நினைவுக்கு வந்தது. போன ஆவணியில் அவளுடைய அண்ணன் சேவியர் இறந்து நான்காம் நாள். உறவென்று மிச்சமிருந்தது அவர் ஒருவர்தான். பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். “எங்க அண்ணன் செத்துப் போயிட்டாரு, பிள்ளைகளா” என்று சொல்லிவிட்டு இரண்டு நிமிடம் அழுதாள். நாற்பது முகங்களும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு பிள்ளைகூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அந்தக் கல்நெஞ்சை அவளால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

பிள்ளைகளிடம் வகுப்பு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்ற பதிவை ஆண்டுக்கு ஒருமுறை ஆசிரியர் கேட்டுப் பெறலாம். யாரும் கேட்பதில்லை. வெரோனிக்கா அந்த நாளைக் கேட்டாள்.

பதிவில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருக்கவில்லை, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. பின்னங்களைக் கூட்டினாள், பாதியில் நிறுத்தவில்லை. அண்ணனைப் பற்றி ஒரு சொல் இல்லை. அழுத அந்த இரண்டு நிமிடத்தில், அவளுடைய குரலைத் தேய்த்து மெருகேற்றியது போன்ற ஒரு குரலில், அவள் ஒருபோதும் நடத்தாத மீள்பார்வை ஒன்று நடந்துகொண்டிருந்தது.

மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டு மதிப்பீட்டு அலுவலர் தேவசகாயத்தை அழைத்தாள்.

“இது நான் இல்லையே சார்.”

“உங்களோட தரமான வடிவம்மா அது” என்றார் அவர் பொறுமையாக. “நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது வாங்கியிருக்கீங்க. அதைப் போய் ஏன் கிளறுறீங்க?”

“பிள்ளைங்க பக்கத்துலேர்ந்து எனக்கு வர்றதும் இப்படித்தானா?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “வகுப்போட ஒழுங்கு கெடக் கூடாதில்லையா? பிள்ளைங்களை நேர்ல போய்ப் பார்க்கணும்னு மட்டும் நினைச்சுடாதீங்க. உரிமம் போயிரும். அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

வெரோனிக்கா அறையை விட்டு வெளியே வந்தாள். வீட்டில் பேச ஆள் இல்லை. இருபத்தாறு ஆண்டில் ஆயிரம் பிள்ளைகளுக்கு மேல் அவளிடம் படித்திருக்கிறார்கள், அவர்களில் ஒருவர்கூட அவளைப் பார்த்ததில்லை. தெருவில் அவள் தடுக்கி விழுந்தால் யாரோ ஒரு கிழவி என்றுதான் தாண்டிப் போவார்கள்.

வெள்ளம் வந்தால் பிள்ளைகளைத் தேடிப் போவதற்கென்று ஆசிரியரிடம் ஒரு முகவரிப் பட்டியல் இருந்தது. மற்ற நாளில் அதைத் திறந்தால் பதிவாகும். திறந்தாள். ஒரே ஒரு பெயர் நடந்துபோகும் தூரத்தில் இருந்தது: நறுமுகை. மூன்றாம் வரிசையில் நிமிர்ந்து உட்காருகிற, எதைக் கேட்டாலும் கணீரென்று பதில் சொல்கிற பிள்ளை.

மாலை வெயில் தணிந்ததும் கிளம்பினாள். கதவைத் திறந்த நறுமுகையின் அம்மா, “நீங்க யாரு?” என்று கேட்டாள்.

“நறுமுகையோட கணக்கு டீச்சர்ம்மா.”

உள்ளேயிருந்து ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள். திரையில் பார்த்த முகத்தைவிட ஒடுங்கிய முகம். நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“இவங்க இல்லம்மா. டீச்சர் இப்படி இருக்க மாட்டாங்க” என்றாள் மெல்லிய குரலில். “டீச்சர் குரலும் இது இல்ல.”

அம்மா கதவைப் பாதி மூடினாள். வெரோனிக்கா சட்டென்று, “இன்னிக்கு வகுப்புல உன்கிட்டதான் கடைசியாக் கேட்டேன். மூணுல ரெண்டு பங்கையும் அஞ்சுல ஒரு பங்கையும் கூட்டச் சொன்னேன். புரிஞ்சுதான்னும் கேட்டேன். புரிஞ்சுது டீச்சர்னு சொன்னியே, ஞாபகம் இல்லையா?” என்றாள்.

சிறுமி நகத்திலிருந்து வாயை எடுத்தாள்.

“நான் அப்படிச் சொல்லல.”

“பின்ன என்ன சொன்ன?”

“புரியலன்னு சொன்னேன்.” அவள் கண்கள் நிறைந்தன. “தினமும் சொல்றேன். நீங்க சிரிச்சுக்கிட்டே ‘ரொம்ப நல்லது நறுமுகை’ன்னுட்டு அடுத்த பிள்ளைகிட்ட போயிடுவீங்க.”

அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். “எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

“மத்த எல்லாருக்கும் புரியுதும்மா. எல்லாரும் புரிஞ்சுதுன்னுதான் சொல்றாங்க. எனக்கு மட்டும்தான்...”

வெரோனிக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். மீதி முப்பத்தொன்பது வீடுகளிலும் முப்பத்தொன்பது பிள்ளைகள் இதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்று பட்டது. மணிக்கட்டில் கட்டியிருந்த பள்ளிக் கருவி அதிர்ந்தது. விதி மீறப்பட்டதற்கான முதல் எச்சரிக்கை, உடனே விலகிச் செல்லவும். அவள் அதைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள்.

அம்மா கதவை முழுதாகத் திறந்து, “உள்ள வாங்க டீச்சர்” என்றாள்.

வெரோனிக்கா தரையில் உட்கார்ந்தாள். நறுமுகை நோட்டை எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தாள். அவள் மூச்சு விடுவது கேட்டது. அவ்வளவு பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்கார வைத்து வெரோனிக்கா இதுவரை பாடம் சொன்னதே இல்லை.

“எதுலேர்ந்து புரியல, கண்ணு?”

கேட்ட மறுகணமே பதில் வந்தது.

“முதல்லேர்ந்தே, டீச்சர்.”