ஒன்பதாம் நாள் நின்ற கார்

ஐந்தரைக்கு எழுந்தார். தண்ணீர் கொதிக்க வைத்தார். முகம் மழித்தார். டார்ச் விளக்கின் கண்ணாடியைத் துடைத்து, எரிகிறதா என்று பார்த்து அணைத்தார். அடிபட்ட வண்டிகளைச் சோதித்து அறிக்கை எழுதும் சர்வேயருக்கு எல்லாக் காலையும் இப்படித்தான். ஏழு மணிக்கு அவர் மனைவியின் தம்பி ஒரு பெண்மணியை அழைத்து வந்தான்.

வந்தவர் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருபவர். ஷோரூமில் வாங்கிய பழைய கார் ஒன்பதாம் நாள் நடுச்சாலையில் நின்றுவிட்டது. வயரிங்குக்குள் சேறு.

"போன வாரம் பெஞ்ச மழையில நான்தான் தண்ணிக்குள்ள விட்டேன்னு மேனேஜர் ஊரெல்லாம் சொல்லிட்டாரு. மூணு பேரு கிளாஸுக்கு வர்றத நிறுத்திட்டாங்க சார். பதினோரு வருஷத்துல என் வண்டியில ஒரு கீறல் விழுந்ததில்ல."

"மழையன்னிக்கு வண்டி எங்க நின்னுச்சு?"

"மாடி பார்க்கிங்ல. பாத்தவங்கன்னு யாரும் இல்ல."

பத்து மணிக்கு மூவரும் ஷோரூமில் இருந்தார்கள். கார் பின்புறக் கொட்டகையில் நின்றது.

"சொல்லிக் குடுக்கறவங்களுக்கே ஓட்டத் தெரியலன்னா நாங்க என்ன சார் பண்றது?" மேனேஜர் சிரித்தார். "சீட்டு அளவுத் தண்ணியில எறக்கியிருக்காங்க. நாங்க குடுத்தது மணியான வண்டி. முன் சீட்டு பெல்ட்டு ரெண்டும் புதுசு. பில்லுலயே இருக்கு, பாருங்க."

மைத்துனன் தரைவிரிப்பைத் தூக்கினான். "மாமா, சேறு!" உடனே அவன் முகம் விழுந்தது. "ஐயோ, இது அவரு கட்சிக்குல்ல சாதகம்?"

"கொஞ்சம் மூச்சு விடு மச்சான்."

சர்வேயர் முன் சீட்டில் உட்கார்ந்தார். பெல்ட்டைக் கடைசித் தையல்வரை இழுத்து டார்ச் அடித்தார். பளிச்சென்று இருந்தது. அடுத்ததும் அப்படியே. பின் சீட்டுக்குப் போய் அங்கேயும் இழுத்தார். கடைசி ஒரு சாண் நீளத்துக்குக் காய்ந்த சேறு அப்பியிருந்தது.

"தண்ணி சீட்டு அளவு வந்துச்சுன்னு சொன்னீங்க. ஒத்துக்கறேன். இந்த வண்டியில நாலு பெல்ட்டும் சுருண்டு கெடக்கறது ஒரே உயரத்துலதான். பின்னாடி சேறு, முன்னாடி சுத்தம். எப்படி?"

"கழுவியிருக்கலாமே மாமா?" என்றான் மைத்துனன்.

"கழுவலடா, மாத்தியிருக்காங்க. சாரே பில்லக் காட்டினாரு. தண்ணி வந்தப்போ முன் பெல்ட்டு ரெண்டும் இந்த வண்டியிலயே இல்ல. அத மாட்டினது இவங்க, விக்கறதுக்கு முன்னாடி. அப்போ தண்ணி அதுக்கும் முன்னாடி வந்தது." மேனேஜர் பக்கம் திரும்பினார். "வாங்க வர்றவங்க முன் சீட்டுல உக்காந்து பெல்ட்ட இழுத்துப் பாப்பாங்க. பின்னாடி யாரு இழுக்கப் போறாங்கன்னு விட்டுட்டீங்க."

மேனேஜர் பில்லை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "வேற வண்டி எடுத்துக்கங்க மேடம்" என்றார்.

"மொதல்ல எழுதிக் குடுங்க. தப்பு யாருதுன்னு" என்றார் பெண்மணி.

மேனேஜர் கடையின் தாளில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். பெண்மணி இரண்டு முறை படித்துவிட்டுக் கைப்பையில் வைத்தார்.

தேர்ந்தெடுத்த கார் இரண்டு வண்டிகளுக்கு நடுவே நெருக்கமாக நின்றது. மேனேஜர் சாவியோடு முந்தினார். "நானே வெளிய எடுத்துத் தர்றேன்."

பெண்மணி கை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். முதுகு நிமிர உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்தார்.

"பக்கத்துல உக்காருங்க மேனேஜர் சார். பெல்ட்டக் கடைசிவரைக்கும் இழுத்துப் பாத்துட்டு மாட்டுங்க."