பதில் வரும் நேரம்

எண் குறைந்திருந்தது. முதலில் அவளை உறுத்தியது அதுதான்.

மாலை வகுப்பின் வீட்டுப்பாடம் எளிதுதான். வாத்தியார் அரை உலகம் தாண்டி இருக்கும் ஒரு சர்வரில் ஒற்றைப் பக்கத் தளம் ஒன்றைப் போட்டுவைத்திருந்தார். லேப்டாப்பின் கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை அடித்தால், அது அந்தத் தளத்தைக் கூப்பிட்டு, பதில் வர எத்தனை நொடி ஆனது என்று காட்டும். மற்றவர்கள் பத்து முறை அளந்து, சராசரி எழுதி, கை கழுவிவிட்டார்கள். அவளுக்குத் தன்மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. பத்து நொடிக்கு ஒருமுறை தானாகவே அந்தத் தளத்தைத் தட்டும்படி கட்டளையைச் சுழலவிட்டு, நான்கு நாளாக நிறுத்தாமல் வைத்திருந்தாள்.

முதல் நாள் 0.412. மறுநாள் 0.377. நேற்று 0.240. இன்று மாலை 0.096.

"தூரத்தை மட்டும் யாராலயும் ஏமாத்த முடியாது," என்று வாத்தியார் வகுப்பில் சொல்லியிருந்தார். "தலைகீழா நின்னாலும் பதில் 0.2 நொடிக்குக் கீழ வராது. வந்துச்சுன்னா, சர்வர் எழுந்து நடந்து வந்துட்டிருக்குன்னு அர்த்தம்." எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

வெளியே மழை பிடித்திருந்தது. ஈரச் சுவரின் வாடையும் சூடேறிய லேப்டாப்பின் பிளாஸ்டிக் வாடையும் கூடத்தில் கலந்து நின்றன. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அக்கா டியூட்டி முடிந்து ஏழு மணிக்குத்தான் வருவாள். அதுவரை அவளுடைய மூன்று வயது மகள் சுண்டு இவள் பொறுப்பு. உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒருக்களித்த கதவு வழியே, மழைச் சத்தத்துக்கு அடியில், அவளது மூச்சு சீராகக் கேட்டது.

0.051.

தான்தான் எங்கோ தப்பு செய்திருக்க வேண்டும் என்று நோட்டை மூன்று முறை சரிபார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கி வாத்தியாருக்குப் போன் போட்டாள்.

"நாலு நாளா அளக்குறியா? உனக்கு நான் டாக்டர் பட்டமே குடுக்கணும்மா," என்று சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "இரு, இரு. அந்த சைட்டை மத்தவங்க அளந்து முடிச்ச அன்னிக்கே அழிச்சுட்டேனே. சர்வரையும் மூடியாச்சு."

"பதில் வருது சார்."

"என்னன்னு வருது?"

"பார்க்கல சார். நேரம் மட்டும்தானே வேணும். வர்ற பதிலைத் தூக்கிப் போடச் சொல்லித்தான் கட்டளை எழுதியிருந்தேன்."

"அடப்பாவி. நாலு நாளா தட்டுறே, உள்ள இருந்து யார் என்ன சொல்றாங்கன்னு ஒரு தடவைகூடக் காது குடுக்கலியா?"

லைன் அறுந்தது. மழையாக இருக்கும். மழைதான்.

கட்டளையில் பதிலை வீசியெறியச் சொல்லும் பகுதியை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ஓடவிட்டாள். திரையில் ஒரே ஒரு சொல் வந்தது.

வர்றேன்.

கீழே 0.018.

எழுந்துபோய் ரௌட்டரின் வயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. திரும்பிப் பார்த்தாள்.

வர்றேன். 0.007.

வர்றேன். 0.002.

வர்றேன். 0.000.

கட்டளையை நிறுத்தினாள். நின்றது. கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு மட்டும் சிமிட்டியது. மழையும் விட்டிருந்தது. எல்லாம் நின்றபின்தான் தெரிந்தது, சுண்டுவின் மூச்சும் கேட்கவில்லை.

டொக்.

உள்ளறையிலிருந்து. ஒருக்களித்திருந்த கதவு இப்போது முழுதாகச் சாத்தியிருந்தது. தள்ளினாள். அசையவில்லை. உள்தாழ்ப்பாள். அது சுண்டுவின் கைக்கு எட்டாது. நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டாது.

"சுண்டு! சித்திடா. எழுந்துட்டியா கண்ணு?"

பதில் இல்லை. அந்தச் சத்தம் கேட்டதிலிருந்தே அவளையறியாமல் மனம் எண்ணத் தொடங்கியிருந்தது. எட்டு. ஒன்பது. பத்து.

டொக்.

நான்கு நொடி கழித்து, தூக்கம் கலையாத சின்னக் குரல்: "யாரு?"

"பேசாதே சுண்டு! பதில் சொல்லாதே!" தோளால் கதவை மோதினாள். பலகை முனகியது. அவ்வளவுதான்.

டொக்.

"யாரு?" இரண்டு நொடி.

டொக்.

"வர்றேன்." ஒரு நொடிகூட இல்லை. தூக்கம் தெளிந்த குரல். சந்தோஷமான குரல்.

"வேண்டாம் கண்ணு. சித்தி இங்க இருக்கேன். இங்க வா. இந்தப் பக்கம் வா."

தரையில் விழுந்து கதவின் கீழிடுக்கில் கண்ணை வைத்தாள். சில்லென்று காற்று. சூடேறிய பிளாஸ்டிக் வாடை. குதிகால்கள் தெரிந்தன. சுண்டு கதவுக்கு முதுகு காட்டி நின்றாள்.

ஒன்பது.

"வர்றேன்," என்றாள் சுண்டு.

அந்தச் சின்னக் குதிகால்கள் தரையை விட்டு மெல்ல எழும்பின. விரல்நுனிகளும். யாரோ தூக்கிக்கொள்வதுபோல.

அதற்குப் பிறகுதான் தட்டல் கேட்டது.