பழைய மூடியின் வளையம்

செவ்வாய்க் கிரகத்தில் வண்டியை விட்டு வெளியே இறங்குகிறவர் கழுத்தில், உள்ளே இருக்கிறவர் எச்சில் தொட்டு வைக்க வேண்டும். மூச்சுச்சட்டையும் தலைக்கூடும் சேரும் இடத்தில் குமிழி விட்டால் காற்று கசிகிறது என்று அர்த்தம். கருவிகள் இருந்தன, ஆனாலும் எச்சிலைத்தான் எல்லோரும் நம்பினார்கள். பல் துலக்குவதைப் போல அது அங்கே அன்றாடம்.

மாடக்கண்ணுவும் அவன் மனைவி வெள்ளத்தாயும் பனிக்குழியில் ஐஸ் வெட்டி, கூரை போட்டு அடைத்த மூடுநகருக்குக் கொண்டுவருகிறவர்கள். நகரம் குடிப்பதும் குளிப்பதும் அதில்தான். அவர்களுடைய கூண்டுவண்டி பழையது. எரிவாயுவும் ஆக்சிஜனும் கலந்து எரியும் அதன் எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றும், கூண்டைச் சூடாக வைக்கும், மூச்சுக்காற்றைச் சுத்தம் செய்யும். அது நின்றால் குளிர் ஆளைக் கட்டையாக்கிவிடும்.

அங்கே வெளிக்காற்று மிக மெலிது. எஞ்சினுக்கு ஆயில் ஊற்றும் வாயின் மூடி கொஞ்சம் கசிந்தாலும் போதும், சூடான ஆயில் பாலைப் போலப் பொங்கி வெளியே ஓடிவிடும். உள்ளங்கைக்குள் அடங்கும் மூடி, அதன் அடியில் ஒரு ரப்பர் வளையம். இரண்டு உயிருக்கும் அதுதான் காவல்.

அன்று பாதி வழியில் ஆயில் முள் இறங்கத் தொடங்கியது.

"இந்தாரும், முள்ளப் பாரும்."

"பள்ளத்துல வண்டி ஆடுதுட்டீ. அதான்."

"ஆடுதா? முன் கண்ணாடியில கருப்பா வழியுதே, அதுவும் ஆட்டமா?"

மாடக்கண்ணு எஞ்சினை அணைத்தான். வெள்ளத்தாய் அவன் கழுத்தைச் சுற்றி எச்சில் வைத்தாள். குமிழி இல்லை. இறங்கி பானட்டைத் தூக்கினான். மூடி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை விரிசல் விட்டிருந்தது. பெட்டியில் துணி சுற்றி வருடக்கணக்காகப் பத்திரப்படுத்திய புது மூடியை எடுத்தான்.

அதற்குள் அவள் மூடுநகர் வாசற்காவலன் அய்யாத்துரையை ரேடியோவில் பிடித்தாள்.

"மீட்பு வண்டிய அனுப்புலே. நடுவழியில நிக்கோம்."

"வண்டி ரெடியாத்தான் நிக்கி மதினி. ஆனா எடுக்க முடியாது."

"ஏம்லே?"

"திறப்பு விழா நடக்கலியே. பூமியில அமைச்சருக்குத் தேதி கிடைக்கல. அதுவரைக்கும் உறையப் பிரிக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"நாங்க செத்தா எந்தத் தேதியில எடுப்பிய?"

"மேல பேசிப் பாக்கேன் மதினி."

மாடக்கண்ணு புது மூடியை இறுக்கிவிட்டுக் கையசைத்தான். அவள் எஞ்சினை முடுக்கினாள். ஆயில் மறுபடி பீறிட்டு அவன் நெஞ்சை நனைத்தது. உடனே அணைத்தாள். கூண்டின் உட்கண்ணாடியில் பனி பூக்க ஆரம்பித்தது. அவள் மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது.

அவன் மூடியைக் கழற்றி வளையத்தை அமுக்கினான். முறுக்கைப் போல உடைந்தது. தலைக்கூட்டு ரேடியோவில் கத்தினான்.

"புதுசுட்டீ! ஒரு தடவகூட மாட்டாதது!"

"மாட்டாமத்தான் செத்துருக்கு. ஆயிலே காட்டாம வச்சிருந்தா ரப்பர் காயாம என்ன செய்யும்? பழச எங்க போட்டீரு?"

"கீழ கிடக்கு."

"அதோட வளையம்?"

அவன் குனிந்து எடுத்தான். விரிசல் விட்டது மூடி மட்டும்தான். ஆயிலிலேயே ஊறிய பழைய வளையம் கையுறையின் தடிப்பையும் மீறி நெளிந்து கொடுத்தது.

"வளையுதுட்டீ!"

"அதக் கழட்டிப் புது மூடியில மாட்டும். கத்தி முனையால மெதுவா. கிழிச்சீரோ, நானே இறங்கி வந்து கொன்னுபுடுவேன்."

"ஒனக்கு எதுக்கு அந்தச் சிரமம்? குளிரே பாத்துக்கிடும்."

அவள் சிரிக்கவில்லை. அவன் விரல்கள் மரத்துவிட்டன. அவன் வளையத்தைப் பிதுக்கி எடுத்தான், புது மூடியின் பள்ளத்தில் பதித்தான், டப்பாவில் மிச்சமிருந்த ஆயிலை ஊற்றித் திருகினான். எஞ்சின் இருமியது, நின்றது, மறுபடி இருமிப் பிடித்துக்கொண்டது. முள் நின்ற இடத்திலேயே நின்றது. அவன் உள்ளே ஏறியதும் அவள் அவன் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டாள். பிறகுதான் அழுதாள்.

மூடுநகர் வாசலுக்கு வெளியே தோரணமும் விளக்கும் மூச்சுச்சட்டை போட்ட கூட்டமுமாக இருந்தது. தங்களுக்காகத்தான் என்று மாடக்கண்ணு நினைத்துவிட்டான். நகர மேலாளர் முகம் சிவந்து ஓடி வந்தார்.

"உங்களை யாருய்யா வரச் சொன்னது? ரெண்டு உயிர் தவிக்குதுன்னு சொல்லித்தான் அமைச்சர்கிட்ட நேரம் வாங்கினேன். திரையில பார்த்துக்கிட்டு இருக்கார். போய் எதிர் மேட்டுல நில்லுங்க. நாங்க வந்து மீட்கிறோம்."

மீட்பு வண்டியின் உறையைப் பிரித்தார்கள். பளபளத்தது. முடுக்கியதும் அதன் மூடி வழியே ஆயில் பொங்கித் தரையில் வழிந்தது. அதுவும் ஓடாமலே காய்ந்த வளையம்.

மேலாளரின் கண் பழைய கூண்டுவண்டியின் பக்கம் திரும்பியது. வெள்ளத்தாய் போய் பானட்டின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இந்த வளையத்த எடுத்தா எங்க வண்டி ஓடாது அய்யா."

"ஓட வேண்டாமேம்மா. மீட்கப்படுற வண்டி எதுக்கு ஓடணும்?"

பனிக்குழி வேலை யாருக்கு என்று ஆண்டுதோறும் முடிவு செய்கிறவர் அவர். அவள் கையை எடுத்தாள்.

வளையம் இடம் மாறியது. கூண்டுவண்டியை ஆட்கள் கூடித் தள்ளி மேட்டில் நிறுத்தினார்கள். அமைச்சர் பேசி முடிக்கும்வரை இருவரும் அதற்குள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு நடுங்கினார்கள். நடுக்கம் படத்தில் அருமையாக விழுந்ததாகப் பூமியில் பாராட்டினார்கள். மீட்பு வண்டி வந்தது, மீட்டது, கைதட்டல் வாங்கியது. தூசி படக் கூடாது என்று அன்றைக்கே மறுபடி உறை போட்டார்கள்.

"வளையத்தக் குடுலே அய்யாத்துரை, பனிக்குழிக்குப் போகணும்."

"அதுல கை வைக்க முடியாது அண்ணாச்சி. அமைச்சர் திறந்து வச்ச வண்டியாச்சே. புது வளையத்துக்கு எழுதிப் போட்டிருக்கு. அடுத்த கப்பல்ல வரும்."

சில நாளில் மூடுநகரில் தண்ணீர் நின்றது. காலிக் குடங்களோடு வரிசையில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள்: "படத்துல மூஞ்சி வந்துட்டுல்லா? ஐஸ்காரனுக்கும் பொண்டாட்டிக்கும் இனி வேல செய்ய ஒடம்பு வளையுமா?"