திரையில் மிஞ்சிய துண்டுகள்

திரையின் வலது மூலையில் ஒரு சட்டைக் காலர் தெரிந்தது.

தபால்தலை அளவுதான் இருக்கும். நீலக் கட்டம் போட்ட துணி, அதற்கு மேலே மழமழவென்று சவரம் செய்த கழுத்துத் தோல் கொஞ்சம். சுற்றிலும் கறுப்பு. கம்ப்யூட்டர் அப்போதுதான் மறுபடி உயிர் பெற்றிருந்தது. உள்ளே இருந்த ஃபேன் மேல்மூச்சு வாங்குகிறவனைப் போல இரைந்தது, மேசைக்கு அடியிலிருந்து சூடான தூசியின் வாசனை எழும்பி வந்தது, வெளியே பட்டப்பகலிலேயே இருட்டிக்கொண்டு மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

அவன் மவுஸை அசைத்துப் பார்த்தான். அம்புக்குறி வரவில்லை. காலர் மட்டும் அப்படியே இருந்தது.

அது அவன் மனைவியின் கம்ப்யூட்டர். இருவருக்கும் ஒரே தொழில். இனிமேல் கட்டப்போகிற கட்டிடத்தைக் கட்டி முடித்தது போலவே வரைந்து காட்டுவது. இதே அறையில் முதுகோடு முதுகாக உட்கார்ந்துதான் இத்தனை வருஷமும் வேலை பார்த்தார்கள். இப்போதெல்லாம் கூப்பிடுகிறவர்கள் அவளைத்தான் கேட்கிறார்கள். அவன் எடுத்தாலும், "மேடம் இல்லீங்களா சார்?" என்கிறார்கள். குழந்தைகள் மருத்துவமனை ஒன்றை முழுசாக வரைகிற வேலை அவளுக்குக் கிடைத்தபோது முதலில் கைகுலுக்கியவன் அவன்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காலையில் அவள் மருத்துவமனைக்காரர்களிடம் படங்களை விளக்கிப் பேசக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவனாகத்தான் ஆரம்பித்தான்.

"உன் கம்ப்யூட்டர்ல ஓடற லினக்ஸ் ரொம்பப் பழசாயிடுச்சு. புது வெர்ஷன் வந்திருக்கு. நீ வர்றதுக்குள்ள மாத்தி வச்சிடறேன்."

"இப்ப வேணாங்க. நாளைக்குப் படம் எல்லாம் அனுப்பியாகணும். ஏதாவது எக்குத்தப்பா ஆயிடுச்சுன்னா?"

"நான் இருக்கும்போது என்ன ஆயிடப்போகுது?"

அவள் அவன் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு சிரித்து வைத்தாள். "சரி, டாக்டர் பார்த்துக்கட்டும்." அது அவள் அம்மா அவனுக்கு வைத்த பெயர். மாப்பிள்ளை கம்ப்யூட்டருக்கே ஊசி போட்டு எழுப்பிவிடுவார் என்று அந்த வீட்டில் எப்போதும் கிண்டல்.

புது வெர்ஷனுக்கும் அவளுடைய கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்பது அவனுக்குத் தெரியும். கார்டு வரைவதைத் திரைக்குக் கொண்டுவந்து சேர்க்கிற டிரைவர் என்கிற மென்பொருள் படுத்துவிடுகிறது, வெறும் இருட்டுதான் மிஞ்சுகிறது என்று இணையத்தில் பலர் புலம்பியிருந்தார்கள். அதை எல்லாம் படித்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினான். அவள் வேலை கெட வேண்டும் என்றில்லை. ஒரே ஒரு தடவை அவள் கையைப் பிசைந்துகொண்டு அவனிடம் வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

திரை இருண்டது. நினைத்தபடியே. ஆனால் இந்தக் காலர் அவன் நினைப்பில் இல்லாதது.

டிரைவர் கோளாறானால், கார்டின் நினைவகத்தில் துடைக்காமல் கிடக்கிற பழைய படங்களின் துண்டு துணுக்குகள் திரையில் வந்து ஒட்டிக்கொள்வது உண்டு. அதில் அதிசயம் இல்லை. ஆனால் அவனிடம் நீலக் கட்டம் போட்ட சட்டையே கிடையாது. அப்படியென்றால் இது அவள் எப்போதோ இந்தத் திரையில் பார்த்த ஒருவனுடையது.

யார் அவன்?

பழைய வெர்ஷனுக்குத் திரும்பிப் போனால் எல்லாம் சரியாகிவிடும். அவன் போகவில்லை. கீபோர்டில் கட்டளை தட்டி டிரைவரைக் கழற்றி எடுத்துவிட்டு மறுபடி போட்டான்.

இந்தத் தடவை துண்டுகள் அதிகம். நாற்காலி முதுகில் ஊன்றிய ஓர் ஆண் கை. சிரிக்கிற பாதி வாய், அதில் ஒரு தெற்றுப்பல். அவள் மனம்விட்டுச் சிரித்தால் மட்டும் வெளியே தெரிகிற அந்தப் பல்லை அவனுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பார்த்து எத்தனையோ மாதமாகிவிட்டது.

யாரிடம் இப்படிச் சிரித்தாள்? மறுபடி டிரைவரைக் கழற்றினான், போட்டான், மறுபடியும் கழற்றினான். ஒவ்வொரு முறை திரை அணையும்போதும் கண்ணாடியில் அவன் முகம் மங்கலாகத் தெரிந்து மறைந்தது. ஒவ்வொரு முறை அது எரியும்போதும் அந்த ஆள் இன்னும் கொஞ்சம் சேர்ந்தான். ஒரு காது. முதுகு. அவள் கூந்தலை ஒதுக்கிவிடுகிற விரல்கள். கீபோர்டிலிருந்து அவள் கையில் பூசும் கிரீமின் வாசனை வந்தது. அவன் மூச்சு கண்ணாடியில் படிகிற அளவுக்குக் குனிந்து பார்த்தான்.

அந்த ஆளுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் கர்ட்டன்.

அவன் மெல்லத் திரும்பினான். ஜன்னலில் அதே மஞ்சள் கர்ட்டன் தொங்கியது. இன்று காலை கிளம்புவதற்கு முன்னால்தான் அவள் ஸ்டூலில் ஏறி அதை மாட்டினாள். புதுத்துணியின் மடிப்புக்கூட இன்னும் நீங்கவில்லை. படத்திலும் அந்த மடிப்பு இருந்தது.

அவள் கிளம்பியதிலிருந்து இந்த அறைக்குள் அவனைத் தவிர யாரும் வரவில்லை. இந்தக் கம்ப்யூட்டரில் கேமராவும் கிடையாது.

மழைச் சத்தம். ஃபேன் சத்தம். வேறு எதுவும் இல்லை.

அவளை ஃபோனில் கூப்பிட்டான். வெகுநேரம் அடித்தது. எடுத்தது ஓர் ஆண்.

"சொல்லுங்க."

காது கொதித்தது. "யாருய்யா நீ? ஃபோனை அவகிட்ட குடு!"

"அவங்க உள்ள பேசிட்டிருக்காங்க. பிரமாதமாப் போயிட்டிருக்கு, எல்லாரும் வாயைப் பொளந்து கேட்டுட்டிருக்காங்க." அந்தக் குரலில் பெருமை பொங்கியது. "நான் அவங்க வீட்டுக்காரர்தான். நீங்க யாரு பேசறது?"

அவன் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டான். பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொண்ட விதம், 'பிரமாதமா'வை இழுத்த இழுப்பு, எல்லாமே அவனுடையது. அவனுடைய குரல்தான். அந்தச் சந்தோஷம் மட்டும்தான் அவனுடையது இல்லை.

"ஹலோ? யாருங்க?"

இணைப்பைத் துண்டித்தான்.

எவனோ மிமிக்ரி பண்ணுகிறான். அவளோடு சேர்ந்துகொண்டு என்னை முட்டாளாக்கப் பார்க்கிறான். வரட்டும். இரண்டு பேரையும் கையும் களவுமாகப் பிடிக்கிறேன். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வேறு எதையும் நினைக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அவன் விளக்கைப் போடவில்லை. இரைந்துகொண்டிருந்த ஃபேன், யாரும் தொடாமலே, அடங்கியது. திரை பளிச்சென்று தெளிந்தது. மருத்துவமனைப் படங்கள் ஒழுங்காக விரிந்து நின்றன. காலர் இல்லை. கை இல்லை. துண்டு துணுக்கு எதுவும் இல்லை.

இனி அங்கே காட்டுவதற்கு ஒன்றும் பாக்கி இல்லாதது போல.

வாசலில் சாவி திரும்பியது.

அவன் எழுந்து அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டான். கூடத்தில் இரண்டு ஜோடிச் செருப்புகள் கழன்றன. குடை உதறும் சத்தம். அவள் சிரிப்பு. நிறைந்த, வாய்விட்ட சிரிப்பு.

"நீங்க முன்வரிசையில உட்கார்ந்திருந்ததே எனக்குப் பெரிய தைரியம்ங்க."

விளக்கு எரிந்தது. அவள் உள்ளே வந்தாள். பின்னாலேயே அந்த ஆள். நீலக் கட்டம் போட்ட சட்டை. கண்ணாடியில் அவன் பார்க்கிற அதே நெற்றி. அதே மூக்கு. அதே நடை.

"அட, சுத்தமா ஓடுதே! நீங்க என்கூட கிளம்பறதுக்கு முன்னாடியே முடிச்சிட்டீங்களா?"

"அப்பவே முடிச்சிட்டேன்."

மூலையில் நின்றவன் வெளியே வந்தான். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். தொண்டை கிழியக் கத்தினான்.

அவள் திரும்பவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் பாதி எழுந்து, இருக்கையைக் கையால் தொட்டுப் பார்த்தாள்.

"என்னங்க, இது இவ்ளோ சூடா இருக்கு? யாராவது உட்கார்ந்திருந்தாங்களா?"

அந்த ஆள் அவள் தோளில் கையை வைத்தான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் கை மேலே போய் அந்தக் கையைப் பற்றிக்கொண்டது.

பிறகு அந்த ஆள் தலையைத் திருப்பினான். கத்திக்கொண்டு நின்றவனை நேராகப் பார்த்தான். கண்ணுக்குக் கண்.

"யாரும் இல்லம்மா," என்றான்.

அந்தப் பார்வையில் கோபம் இல்லை, வன்மம் இல்லை. வீடு முழுக்கக் கூட்டி முடித்தவன், மூலையில் மிச்சமிருக்கிற கடைசிக் குப்பையைப் பார்ப்பது போலப் பார்த்தான்.