படுத்துக்கொண்ட டயர்

சின்னுவுக்கு வயது பத்து. இந்த ஊருக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. வகுப்பில் எல்லோருக்கும் ஏற்கெனவே ஒரு சிநேகிதி இருந்தாள். இவள் பங்குக்கு யாரும் மிச்சமில்லை.

அம்மா மலை உச்சியில் இருந்தாள். அங்கே வானிலை நிலையத்தில் மழையையும் காற்றையும் அளந்து எழுதுவது அவள் வேலை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். மாற்று ஆள் கிடையாது. அதனால் ஞாயிறுதோறும் அப்பாவும் சின்னுவும் தங்கள் சின்னப் பிக்கப் வண்டியில் மேலே போய்ப் பார்த்து வருவார்கள்.

போன இரண்டு ஞாயிறும் போய்ச் சேர முடியவில்லை. பாதி மலையில் ஒரு சேற்று ஏற்றம் உண்டு. அங்கே முன்சக்கரங்கள் வெறுமனே சுற்றின. பின்சக்கரங்களோ எனக்கென்ன என்று நின்றுவிட்டன. வண்டி வழுக்கியது. அப்பா திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். மெக்கானிக் அக்கா அடியில் படுத்துப் பார்த்தாள், ஓட்டியும் பார்த்தாள்.

"நல்ல ரோட்ல முன்சக்கரம்தான் இழுக்கும். அது வழுக்கினா, முன்னையும் பின்னையும் இணைக்கிற கப்ளிங் இறுகி, எஞ்சினோட பலத்தைப் பின்சக்கரத்துக்கும் அனுப்பும். இங்க சேத்துல ஓட்டிப் பாத்தேன். ஜம்முனு வேலை செய்யுது."

"மலையில செய்யலையே. பாதி வழியில மஞ்சள் விளக்கு வேற எரியுது" என்றார் அப்பா.

"அப்போ கழட்டித்தான் பாக்கணும். திங்கக்கிழமை கொண்டு வாங்க. பத்து நாள் ஆகும்."

அப்படியென்றால் நாளைக்கும் அம்மா இல்லை, அடுத்த ஞாயிறும் இல்லை.

மதியம் விளையாட ஆள் வேண்டுமே. வாசலில் நின்ற வண்டியின் நான்கு டயர்களிலும் சாக்பீஸால் நான்கு முகங்கள் வரைந்தாள். எல்லோரையும் நேராக நிற்க வைத்தாயிற்று. யார் முதலில் வருகிறார்கள் என்று பந்தயம்.

அப்பா வண்டியைக் கழுவத் தெருமுனைக் குழாய்க்கு நேராக ஓட்டினார். சின்னு பின்னாலேயே ஓடிப்போய்ப் பார்த்தாள். மூன்று பேர் தலைகீழாக நின்றார்கள். முன்பக்கம் வலது டயர்க்காரன் மட்டும் சுகமாகப் படுத்திருந்தான்.

"அப்பா, இவன் ஏமாத்தறான். எல்லாருக்கும் பின்னால வர்றான்."

"அதும்மா புது டயர். போன மாசம் பஞ்சர் ஆச்சே, அதுக்குப் பதிலா மாட்டினேன். புதுசுன்னா நல்லா ஏறும்ல?"

சின்னு புது டயரின் பள்ளத்தில் விரலை விட்டாள். ஆழமாகப் போனது. மற்ற டயர்கள் தேய்ந்து வழவழவென்று இருந்தன.

"இவன் குண்டுப்பா. குண்டா இருந்தா கம்மியாச் சுத்தினாலே போதும். மத்தவங்க நிறையச் சுத்தணும்" என்றாள். பிறகு டயர்களை மாறி மாறிப் பார்த்தாள். "ஒருத்தன் மட்டும் வேற மாதிரி சுத்தினா, வழுக்குதுன்னு வண்டி நினைச்சுக்காதா?"

அப்பா கழுவுவதை அப்படியே விட்டுவிட்டு வண்டியைப் பட்டறைக்குத் திருப்பினார்.

மெக்கானிக் அக்கா விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். "அடியில படுத்து எல்லாத்தையும் பாத்தேன், டயரைப் பாக்கலையே. வழுக்குது வழுக்குதுன்னு கப்ளிங் வழி முழுக்க இறுகியே கிடந்திருக்கு. மலைக்குப் போறதுக்குள்ள சூடேறி, கருகிடக் கூடாதுன்னு தானா விட்டுடும். அப்பத்தான் அந்த மஞ்சள் விளக்கு எரியும். இங்க ரெண்டு நிமிஷம் ஓட்டினா எங்க சூடாகும்?"

ஒட்டுப் போட்ட பழைய டயர் வண்டியிலேயே ஸ்டெப்னியாகக் கிடந்தது. அதை மாட்டினாள். நான்கும் ஒரே அளவுக்குத் தேய்ந்தவை. "உனக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டாள்.

"யாருமில்ல. தனியா விளையாடிட்டிருந்தேன்" என்றாள் சின்னு.

ஞாயிறு காலை சேற்று ஏற்றம் வந்தது. மஞ்சள் விளக்கு எரியவில்லை. முன்சக்கரங்கள் ஒரு நொடி வழுக்கின. சின்னு சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். அடுத்த நொடி பின்னாலிருந்து யாரோ தள்ளியது போல ஒரு உந்தல். வண்டி உறுமிக்கொண்டே ஏறியது.

மேலே முதல் வளைவில் ஒரு ஆள் நிற்பது தெரிந்தது. குடை காற்றில் மடங்கியிருந்தது. அது அம்மா.

"இங்க ஏம்மா நிக்கற?"

"ஞாயித்துக்கிழமை அளவு எடுத்ததும் இங்க வந்துடுவேன். போன ரெண்டு தடவையும் நீங்க வழுக்கித் திரும்பிப் போனதைப் பாத்துட்டுத்தான் இருந்தேன். கத்திக் கூப்பிட்டேன். காத்துல உங்களுக்குக் கேக்கல."

சின்னு கீழே எட்டிப் பார்த்தாள். சேற்று ஏற்றம் முழுசாகத் தெரிந்தது. தனக்கு மட்டும்தான் ஆளில்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். அழுகை வந்துவிட்டது.

"இனிமே கத்த வேணாம்மா. நாங்க வந்துடுவோம்."

அம்மா ஈரப் புடவையோடு வண்டியில் ஏறினாள். இரண்டு பேர் உட்காரும் இடத்தில் மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கொஞ்சம் தள்ளி உட்கார் என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை.